எண்ணெய் போன வழி

2022 பிப்ரவரி கடைசியில் அக்கா மகன் என்னை லாஸ்பேட்டைக்கு இழுத்துக்கொண்டு போனான். பெங்களூர் என்ஏஎல் (தேசிய விண்வெளி ஆய்வகம்) செய்த ஹன்சா-என்ஜி என்ற இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம் புதுச்சேரிக்கு வந்திருந்தது. பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். கடல் மட்டத்துக் காற்றில் விமானம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க அதைப் பிப்ரவரி 19-ம் தேதி இங்கே கொண்டுவந்து, மார்ச் 5-ம் தேதி திரும்ப எடுத்துப் போனார்கள். நாங்கள் விமான நிலையத்து மதிலுக்கு வெளியே, வெயிலில், வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு நின்றோம்.

"மாமா, சத்தத்த மட்டும் கேளுங்க" என்றான்.

கேட்டேன். தலைக்கு மேலே போனது ஒரு தணிந்த ரீங்காரம். நான் கடலூர் முதுநகரில் லேத் பட்டறை வைத்திருக்கிறவன். துறைமுகத்து விசைப்படகுகளின் கியர் பெட்டியைப் பிரித்து மாட்டுவதுதான் இருபத்தாறு வருடமாக என் பிழைப்பு. ஒரு எஞ்சின் என்ன வேகத்தில் ஓடுகிறது என்பதைக் காது சொல்லிவிடும். அந்த ரீங்காரத்தை வைத்து நிமிடத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் சுற்று என்றேன்.

"காத்தாடி அவ்ளோதான். எஞ்சின் அஞ்சாயிரத்துக்கு மேல. நடுவுல ஒரு கியர் பெட்டி இருக்கு. அது உங்க தொழில்தானே?"

அந்த விமானத்தில் இருப்பது ரோட்டாக்ஸ் 912 ஐஎஸ்சி எஞ்சின். 100 குதிரைத்திறன், 5800 சுற்று. அதன் மூக்கில் 2.43-க்கு 1 என்ற கணக்கில் வேகம் குறைக்கும் கியர். படகில் நாங்கள் செய்வதும் இதே வேலைதான். தண்ணீரில் காத்தாடி மெதுவாகச் சுற்றினால்தான் தள்ளும், வேகமாகச் சுற்றினால் நுரைதான் வரும். காற்றில் காரணம் வேறு. 1.7 மீட்டர் நீளக் காத்தாடியை நேராக 5000 சுற்றில் ஓட்டினால் அதன் நுனி நொடிக்கு 445 மீட்டர் போகும். ஒலியின் வேகமே 340 சொச்சம்தான். நுனி ஒலியைத் தாண்டினால் தள்ளும் சக்தி போய்ச் சத்தம் மட்டும் மிஞ்சும். சிறிய எஞ்சினிலிருந்து சக்தி வேண்டுமென்றால் அதை வேகமாக ஓட்டியாக வேண்டும், காத்தாடியோ மெதுவாகச் சுற்ற வேண்டும். ரைட் சகோதரர்கள் 1903-லேயே இந்தச் சிக்கலைச் சங்கிலி போட்டுத் தீர்த்தார்கள். அவர்களுடைய காத்தாடி நிமிடத்துக்கு 350 சுற்றுக்குப் பக்கத்தில்தான் ஓடியது.

வீடு திரும்பும் வழியில் மாப்ள தன் திட்டத்தைச் சொன்னான். பழைய மாருதி 800 காரின் 796 சிசி எஞ்சினை எடுத்து, சொந்தமாக ஒரு கியர் பெட்டி செய்து, இரும்புச் சட்டத்தில் மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். பறப்பது பிறகு. அதற்கான அனுமதி தனி வேலை, தனி வருடங்கள். முதலில் தரையில் ஐம்பது மணி நேரம் கெடாமல் ஓடட்டும் என்றான். ஐம்பது மணி என்றதுமே எனக்குப் பிடித்துவிட்டது. அவசரப்படுகிறவன் வாயில் அந்த வார்த்தை வராது.

பல் வெட்டுவது எனக்குக் கைவந்த வேலை. சின்னச் சக்கரத்துக்கு 21 பல், பெரியதற்கு 50. இருபதுக்கு நாற்பது என்று போட்டால் கணக்கு சுலபம், ஆனால் ஒரு பல் எப்போதும் அதே இரண்டு பற்களைத்தான் சந்திக்கும். ஒன்றில் கீறல் விழுந்தால் அதன் ஜோடியும் சேர்ந்து கெடும். 21-க்கும் 50-க்கும் பொது வகு எண் இல்லாததால் ஒரு பல் தன் பழைய ஜோடியை மறுபடி சந்திக்கச் சின்னச் சக்கரம் 50 சுற்று சுற்றியாக வேண்டும். தேய்மானம் எல்லாப் பல்லுக்கும் பங்காகப் போகும். எஞ்சின் 5000 சுற்றில் ஓடினால் காத்தாடி 2100. இதுவரை எல்லாம் சரி. எண்ணெய் விஷயத்தில்தான் நான் தப்பு செய்தேன். அதுவும் அனுபவத்தை நம்பியே செய்தேன்.

பழைய புல்லட்டின் நாலு கியர் பெட்டிக்குள் கிரீஸும் தொண்ணூறு ஆயிலும் கலந்து போடுவது நம் ஊர் மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரியும். ஒழுகாது, வருடக்கணக்கில் ஓடும். அதே நினைப்பில் மாப்ளயின் பெட்டியிலும் கிரீஸ் அடைத்தேன். எண்ணெய் ஒழுகும் தொல்லை இல்லை, பம்பு வேண்டாம், எடையும் குறைவு என்று அவனுக்கு நானே எடுத்துச் சொன்னேன். பதினோராவது நிமிடம் பெட்டியிலிருந்து ஒரு வாடை வந்தது. நிறுத்திப் பிரித்தோம். கிரீஸ் முழுவதும் சுவரில் அப்பிக்கொண்டிருந்தது. சக்கரம் தனக்கென்று ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டு அதற்குள் காய்ந்துபோய்ச் சுற்றியிருந்தது. சின்னச் சக்கரத்தின் பல் முனைகள் நீலம் பாரித்திருந்தன. இரும்பு அப்படி நீலமாக வேண்டுமென்றால் 300 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும். வெப்பப் பதம் கொடுத்து நான் கடினமாக்கிய பல், பதம் இறங்கிப் போயிற்று.

புல்லட் பெட்டியில் சரியாக இருந்தது இங்கே ஏன் கெட்டது? பல்லின் வேகம்தான் காரணம். எங்கள் சின்னச் சக்கரத்தின் விட்டம் 63 மில்லிமீட்டர். 5000 சுற்றில் அதன் பல் நொடிக்கு 16.5 மீட்டர் ஓடுகிறது. கிரீஸ் தாங்குவது நாலைந்து மீட்டர் வரைக்கும். அதற்கு மேல் அது தூக்கி எறியப்படும். எறிந்த கிரீஸ் திரும்பி வராது, எண்ணெய் என்றால் வழிந்தாவது வரும்.

இந்த இடத்தில் பல்லும் பல்லும் கவ்வும்போது என்ன நடக்கிறது என்று சொல்லியாக வேண்டும். இத்தனை வருடம் கியர் பிரித்த எனக்கே இது மாப்ள சொல்லித்தான் தெரியும். இரண்டு பல்லுக்கும் நடுவே நிற்கும் எண்ணெய்ப் படலம் ஏறக்குறைய ஒரு மைக்ரான், சில நேரம் அதற்கும் கீழே. தலைமுடி ஒன்றின் தடிமன் எழுபது மைக்ரான் வரும். 1916-ல் மார்ட்டின் என்பவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவருக்கு வந்த விடை, பல்லின் சொரசொரப்பை விட மெல்லிய படலம். அந்தக் கணக்குப்படி எந்தக் கியரும் இரும்போடு இரும்பு உரசித்தான் ஓட வேண்டும். ஆனால் நல்ல கியர்கள் பல வருடம் தேயாமல் ஓடிக்கொண்டிருந்தன. எங்கே பிசகு என்பதை 1940-களை ஒட்டித்தான் எர்ட்டலும் குருபினும் விளக்கினார்கள். பல் அழுத்தும் இடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் கிலோ அளவில் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தில் எண்ணெய் இறுகி, கணநேரம் கிட்டத்தட்டத் திடப்பொருளாகவே ஆகிவிடுகிறது. இரும்பும் கொஞ்சம் நெளிந்து இடம் கொடுக்கிறது. நசுக்கினால் ஓடிவிடும் என்று நாம் நினைக்கிற எண்ணெய், நசுக்குவதாலேயே கெட்டியாகி நிற்கிறது. இதைக் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபத்தாறு வருடமாகக் கையில் வழிந்த பொருள் அது.

ஆனால் அந்தப் படலம் நிற்க எண்ணெய் முதலில் அங்கே இருக்க வேண்டும், அதிகச் சூடாகியும் இருக்கக் கூடாது. சூடு ஏற ஏற எண்ணெய் இளகும், படலம் மெலியும், உரசல் கூடும், சூடு இன்னும் ஏறும். எங்கள் எஞ்சின் தருவது 27 கிலோவாட். ஒரு ஜோடிக் கியரில் நூற்றில் ஒன்றரைப் பங்கு வீணாகும் என்று வைத்தால் 400 வாட். வீட்டில் இருக்கும் இஸ்திரிப் பெட்டியில் பாதியை அந்தச் சின்ன அலுமினியப் பெட்டிக்குள் சொருகி வைத்தது போல. அந்தச் சூடு எந்த வழியாக வெளியே போகும்? கிரீஸ் அடைத்தபோது இந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை.

அடுத்து எண்ணெய்க்கு வந்தோம். எந்த எண்ணெய் என்று கேட்டால் ஆளுக்கொரு நம்பர் சொல்வார்கள். துறைமுகத்தில் ஒரு டிரைவர் அண்ணன், "நூத்தி நாப்பதப் போடு, கெட்டியா நிக்கும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ரோட்டாக்ஸின் 503, 582 போன்ற டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களில் பெட்ரோலோடு கலந்த எண்ணெய் எரிந்துபோய்விடுவதால், கியர் பெட்டிக்குத் தனியாக 85டபிள்யூ-140 கியர் ஆயில்தான் ஊற்றுகிறார்கள். ஆனால் நம் பட்டறைகளில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். கியர் ஆயிலின் நம்பரும் எஞ்சின் ஆயிலின் நம்பரும் ஒரே அளவுகோல் இல்லை. தொண்ணூறு என்றால் நாற்பதை விட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி என்று நினைக்கிறோம். 100 டிகிரியில் கெட்டித்தன்மையை சென்டிஸ்டோக் என்ற அலகில் அளந்தால் நாற்பது நம்பர் எஞ்சின் ஆயில் 12.5 முதல் 16.3 வரை. தொண்ணூறு கியர் ஆயில் 13.5 முதல் 18.5 வரை. ஏறக்குறைய ஒன்றேதான். இரண்டும் வேறுபடுவது அதில் சேர்க்கும் மருந்தில்.

கியர் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்து இருக்கும், அந்த வாடை அதனால்தான். படலம் அறுந்து இரும்பு இரும்பைத் தொடும் கணத்தில், அந்தச் சூட்டிலேயே வினை நடந்து பல்லின் மேல் ஒரு மெல்லிய காப்பு உருவாகும். பல் ஒட்டிப் பிய்ந்து போகாது. ஆனால் சூட்டில் இந்தக் கந்தகம் பித்தளை, வெண்கலம் இரண்டையும் அரிக்கக்கூடியது. எங்கள் பெட்டியில் காத்தாடித் தண்டுக்குக் கன்மெட்டல் வாஷர் போட்டிருந்தேன், அதுவும் வெண்கல வகைதான். அதனால் மருந்து அதிகமுள்ள ஜிஎல்-5 ரகம் வேண்டாம், மருந்து குறைந்த ஜிஎல்-4 தொண்ணூறு போதும் என்று முடிவு செய்தோம்.

என் அப்பா காலத்தில் மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மை போடுவார்கள். முதல் உலகப் போரில் சுழலும் ரோட்டரி எஞ்சின் விமானங்களுக்கும் விளக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள். அது பெட்ரோலில் கரையாது, இரும்பை விடாமல் ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டுத் திண்ணையில் மூங்கில் குழாயில் தொங்கிய பொருள் ஆகாயத்திலும் ஓடியது என்பது எனக்கு இன்னும் சந்தோஷமாக இருக்கிறது.

புதுப் பல் வெட்டி, பதம் கொடுத்து, 900 மில்லி எண்ணெய் ஊற்றினோம். சின்னச் சக்கரம் பாதி முங்கும் அளவு. பதினைந்து நிமிடத்தில் பெட்டி 98 டிகிரி, பிரீதர் என்ற காற்றுப்போக்கி வழியாக நுரை. எண்ணெய் போதவில்லை போல என்று பட்டறைப் பையன் இன்னும் ஊற்றப் போனான். மாப்ள தடுத்து, பாதியை வடிக்கச் சொன்னான். 450 மில்லியில் அதே பதினைந்து நிமிடம், 81 டிகிரி. குறைவாக ஊற்றினால் குறைவாகச் சூடாகிறது! சக்கரம் எண்ணெயைக் கடைவதே ஒரு வேலை, அந்த வேலை முழுவதும் சூடாகத்தான் மாறும். தயிர் கடைகிற மத்து அத்தனை வேகத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதோடு நுரைத்த எண்ணெயில் பாதி காற்று. காற்றால் படலம் கட்ட முடியாது.

சூடு குறைந்தது என்று நிம்மதியாக இருந்தோம். ஆறாவது மணி நேரத்தில் மேலே, காத்தாடித் தண்டின் முன் பேரிங்கிலிருந்து ஒரு கீச்சுக் குரல். பிரித்தால் பேரிங் வறண்டிருந்தது. கீழே எண்ணெய் அப்படியே இருக்கிறது, மேலே ஒரு சொட்டு இல்லை.

அப்போதுதான் மாப்ள ஒரு யோசனை சொன்னான். நான் பார்த்த யோசனைகளிலேயே நல்லது. பெட்டியின் முன் மூடிக்குப் பதிலாகப் பன்னிரண்டு மில்லிமீட்டர் அக்ரிலிக் பலகையை வெட்டி மாட்டினோம். எஞ்சினைக் கழற்றிவிட்டு, பட்டறையின் மோட்டாரில் பெல்ட் போட்டுப் பாரம் இல்லாமல் சுற்றவிட்டோம். இரவு ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்து, அவன் போனில் மெதுவாக ஓடும்படி படம் பிடித்தான்.

ஆயிரத்து ஐந்நூறு சுற்று வரை அழகாக இருந்தது. சின்னச் சக்கரம் எண்ணெயை அள்ளி மேலே கொண்டுபோகிறது, பெரிய சக்கரத்தின் பல் நனைகிறது, மேலே தெறித்து வழிகிறது. மூவாயிரத்தில் எண்ணெய் சுவரை ஒட்டி ஒரு வளையமாகச் சுற்ற ஆரம்பித்தது. ஐயாயிரத்தில் கீழே குளம் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். சக்கரத்துக்கும் எண்ணெய்க்கும் நடுவே இடைவெளி. பல் கவ்வுமிடத்தில் வெறும் புகைமூட்டம். மாப்ள காகிதத்தில் கணக்குப் போட்டான். அந்தச் சின்ன வட்டத்தில் 16.5 மீட்டர் வேகம் என்றால், பல் மேல் இருக்கும் ஒரு சொட்டு எண்ணெயை வெளியே இழுக்கும் விசை அதன் எடையைப் போல 880 மடங்கு. கீழே அள்ளியதை அரை வட்டம் சுற்றி மேலே கொண்டுவரும் முன்பே அது பிய்த்துக்கொண்டு போய்விடுகிறது. பெரிய சக்கரம் கீழே இருந்திருந்தால் கொஞ்சம் பிழைத்திருக்கும். காத்தாடி தரையில் இடிக்காமல் இருக்க நாங்கள்தான் அதை மேலே வைத்தோம். முங்கவைத்து ஓட்டும் முறை நொடிக்கு 12, 15 மீட்டர் வரைதான் சரிவரும் என்று கியர் புத்தகங்களில் போட்டிருப்பதைப் பிறகு பார்த்தேன். ஆனால் அந்த அக்ரிலிக் மூடிக்குப் பின்னால் பார்த்ததுதான் எனக்குப் பாடம். எண்ணெய் பெட்டிக்குள் இருக்கிறது என்பதும் பல்லில் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. லெவல் பிளக்கைத் திறந்து விரலை விட்டுப் பார்த்து, "ஆயில் இருக்குண்ணே" என்று எத்தனை படகுக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

பிறகு செய்ததுதான் இப்போது ஓடுகிறது. எஞ்சினின் சொந்த எண்ணெயையே அழுத்தக் குழாயிலிருந்து எடுத்து, ஒரு மில்லிமீட்டர் துளை வழியாகப் பல்லில் பீய்ச்சுகிறோம். மூன்று பார் அழுத்தத்தில் அந்தத் துளை நிமிடத்துக்கு முக்கால் லிட்டருக்கு மேல் விடுகிறது. எங்கே பீய்ச்சுவது என்பதில் எனக்கும் அவனுக்கும் இரண்டு நாள் வாக்குவாதம். பல் கவ்வப் போகிற பக்கம் என்றேன் நான், படலத்துக்கு எண்ணெய் அங்கேதானே வேண்டும்? பல் பிரிந்து வெளியே வருகிற பக்கம் என்றான் அவன், அந்தக் கணத்தில்தான் பல் மிகச் சூடாக இருக்கிறது, உடனே குளிர்விக்க வேண்டும். கவ்வும் பக்கம் நிறைய விட்டால் பல்லிடுக்கில் மாட்டிய எண்ணெய் பிதுங்கி வெளியேற வழியில்லாமல் அதுவே பாரமாகும் என்பதையும் சொன்னான். கடைசியில் வெளியே வரும் பக்கம் பெரிய துளையும், உள்ளே போகும் பக்கம் மெல்லியதாக ஒன்றும் வைத்தோம். படலத்துக்கு மிகக் கொஞ்சம் எண்ணெய் போதும். மீதியெல்லாம் சூட்டைச் சுமந்துகொண்டு போகத்தான். மூன்றாவதாக ஒரு கிளை மேலே பேரிங்குக்கு.

உள்ளே அனுப்புவதை விட வெளியே எடுப்பது கடினமாக இருந்தது. உள்ளே போவதற்குப் பின்னால் பம்பு இருக்கிறது. திரும்பி வருவது தன் எடையால் மட்டும், அதுவும் காற்றோடு கலந்து. முதலில் பத்து மில்லிமீட்டர் குழாய் வைத்தேன். நாலு நிமிடத்தில் பெட்டி நிரம்பி ஆயில் சீல் பிதுங்கியது. இப்போது இருபத்தைந்து மில்லிமீட்டர் குழாய், ஒரே சரிவாக, எங்கும் வளையாமல். உள்ளே போகும் எண்ணெய்க்கும் வெளியே வருவதற்கும் 13 டிகிரி வித்தியாசம் காட்டுகிறது. கணக்குப்படி 16 வர வேண்டும், மீதியைப் பெட்டியின் சுவர் காற்றுக்குக் கொடுக்கிறது.

எஞ்சின் எண்ணெய் கியருக்குத் தாங்குமா என்று கேட்பார்கள். கார் ஆயில் வேண்டாம், பைக் ஆயில் போடலாம். பைக்கில் எஞ்சினும் கியரும் கிளட்சும் ஒரே எண்ணெயில் குளிக்கின்றன. பல்லில் அரைபட்டு இளகாத மாதிரிதான் அதைச் செய்கிறார்கள். ரோட்டாக்ஸ் 912 வகையும் இப்படித்தான். எஞ்சினும் கியரும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்கின்றன, பெட்டிக்குள் வழுக்கும் கிளட்சும் உண்டு. அதனால் அதற்கும் பைக் ஆயில் வகையைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். ஈயம் கலந்த விமான பெட்ரோல் ஊற்றி ஓட்டினால் அந்த ஈயம் சாம்பல் நிறச் சேறாக எண்ணெயில் சேரும். அப்போது எண்ணெயைச் சீக்கிரம் மாற்ற வேண்டும். நாங்கள் பங்க் பெட்ரோல்தான் ஊற்றுகிறோம்.

எண்ணெயால் தீராத ஒன்றும் உண்டு. மூன்று சிலிண்டர் எஞ்சினில் 240 டிகிரிக்கு ஒரு வெடிப்பு. நடுவில் தண்டு தளர்கிறது, காத்தாடி தன் பாரத்தால் முன்னே போகிறது. பல் முன்முகத்தை விட்டுப் பின்முகத்தில் மோதுகிறது. மெதுவாக ஓடும்போது கேட்கிற கடகடப்பு அதுதான். எவ்வளவு நல்ல எண்ணெயும் சுத்தியல் அடிக்கு நிற்காது. நடுவில் ரப்பர் கப்ளிங் போட்டு, 1600-க்குக் கீழே ஓட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

உப்புக் காற்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் மூன்று வாரம் ஓட்டாமல் விட்டோம். திறந்தபோது மேல் பற்களில் செம்மண் பூசியது போலத் துரு. எண்ணெய் வடிந்து கீழே போய்விட்டது, பிரீதர் வழியாக ஈரம் உள்ளே வந்துவிட்டது. இப்போது பத்து நாளுக்கு ஒருமுறை எண்ணெய் 80 டிகிரியைத் தாண்டும் வரை ஓட்டி, உள்ளே சேர்ந்த ஈரத்தை ஆவியாக்கிவிட்டுத்தான் நிறுத்துகிறோம்.

நேற்றோடு 43 மணி நேரம். வடிகாலில் வைத்த காந்தப் பிளக்கைக் கழற்றி வெள்ளைத் துணியில் துடைத்தேன். மை போல நைசான சாம்பல் பசை, விரலில் நெருடவில்லை. அது இருக்கலாம். மின்னுகிற சிராய் ஒன்று கிடைத்தாலும் பெட்டியைப் பிரிப்போம்.

மாப்ள துணியைப் பார்த்துவிட்டு உடனே அடுத்ததைக் கேட்டான். "மாமா, சட்டம் மட்டமா நிக்குது. ஏறும்போது மூக்கு பன்னெண்டு டிகிரி மேல போவுமே, அப்ப அந்த இருபத்தஞ்சு மில்லி பைப்புக்கு எண்ணெய் வருமா?" வடிகால் துளை பெட்டியின் முன்பக்கம் இருக்கிறது. மூக்கு தூக்கினால் எண்ணெய் பின்னால் ஓடும். நான் இதை யோசிக்கவே இல்லை. பக்கத்தில் வீடு கட்டுகிறவரிடம் செங்கல் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சட்டத்தின் முன்கால்களை உயர்த்தி, சங்கிலியால் தரையோடு இறுக்கிக் கட்டி, அக்ரிலிக் மூடியை மறுபடி மாட்டி மோட்டாரில் ஓட்டப் போகிறோம். டார்ச்சுக்குப் புது பேட்டரி வாங்கியாகிவிட்டது.